ஆஷி என்று சொல்லிப் போனவர்கள்

கோடையில் வங்காளத்து டாக்குரியாவில் ஒருவரும் சுருண்டு விழக்கூடாது என்று வீடு வீடாக ஏறி இறங்கியவள் பத்மஜா. நகரத்து வெக்கையை ஆராயப் பல நாட்டுக்காரர்கள் ஒரு குழுவாக வந்தபோது, தகரக் கூரைக்கடியில் தனியாக இருந்த, தெருவுக்கே சித்தி முறையான மினதி மாசிமாவிடம் அவள்தான் அழைத்துப் போனாள். அடுத்த கோடைக்குள் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். கிளம்பும்போது அவர்களுக்கு ஒரு வங்காளச் சொல்லைப் பத்மஜா கற்றுக்கொடுத்தாள்: "ஆஷி." நம் "வரேன்" மாதிரிதான், அங்கேயும் போகிறேன் என்று சொல்லக்கூடாது. எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

எப்போது வருவார்கள் என்று மாசிமா கேட்டபோதெல்லாம், "ஆஷின்னு சொன்னாங்களே, வருவாங்க" என்று பத்மஜா அடித்துச் சொன்னாள்.

அடுத்த கோடையில் மாசிமா அந்தத் தகரத்தடியிலேயே வெக்கை தாங்காமல் செத்துப்போனாள். துக்கம் கேட்கக் கிளம்பிய பத்மஜாவிடம் மகள் ஸ்னேகா போனைப் பார்த்தபடி, "நிதி நின்னுபோச்சாம்மா. அவங்க யாரும் இனி வரமாட்டாங்களாம்" என்றாள்.

சாவு வீட்டில் வரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மாசிமா வீட்டில் துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது, வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு பத்மஜா படியிறங்கினாள். அந்த மகராஜன்களும் அன்றைக்கே இப்படி வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.