குரங்கின் பேரில் காப்புறுதி

எங்கள் சமையல் குசினிக் கூரைக்குக் குரங்கு தேங்காய் எறிந்து ஓடுகளை உடைத்துவிட்டது. மாரி மழைக்கு முன் திருத்த வேண்டும். வீட்டுக் காப்புறுதிக்காரர்களோ இழப்பீடு இல்லை என்றுவிட்டார்கள்.

இன்று அம்மாவோடு அவர்களின் கிளிநொச்சிக் கிளைக்குப் போனேன்.

"தற்செயலா உடைஞ்சாத்தான் குடுப்பம், அக்கா. இது குரங்கு வேணுமெண்டு எறிஞ்சது," என்றார் அதிகாரி.

அம்மா அமைதியாகக் கேட்டார்: "தம்பி, காப்புறுதி என்ர பேரிலயோ, குரங்கின்ர பேரிலயோ?"

"உங்கட பேரிலதான்."

"அப்ப நானோ வேணுமெண்டு எறிஞ்சனான்?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளை தானே வந்து கூரையைப் பார்ப்பாராம்.

காப்புறுதியில் காப்பு அவர்களுடையது. உறுதி முழுக்க அம்மாவுடையது.

எறிந்த குரங்கு எங்கே என்று அதிகாரி கேட்டால், அம்மா என்னைக் காட்டுவாராம். எனக்குப் பதிலாக நிற்க யார் வருகிறீர்கள்?