பாரிவாக்கத்தில் போட்ட ஆசரிப்புக் கூடாரம்

போன வாரம் கரையான்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஏதோ கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல் போட லாரியிலிருந்து சவுக்குக் கழிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வெட்டிய கழிகள். தோல் உரிந்த இடத்திலிருந்து பச்சை வாடை வந்தது. கழிகளுக்குக் கிட்டே போய் நின்றேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தலை நரைத்த பொம்பளை ஒருத்தி பந்தல் கழியை மோந்துகொண்டு நின்றால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள்.

சவுக்குக் கழி என்றால் உங்களுக்கெல்லாம் கல்யாணம் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் சாவு. எனக்கு வருவது பைபிளில் இருக்கிற மோசேயின் கூடாரம். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் யாரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் இல்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம்தான். இருந்தாலும் எகிப்தை விட்டு வந்தவர்கள் வனாந்தரத்தில் சாமிக்கென்று துணியால் போட்ட ஆசரிப்புக் கூடாரத்துக்கு எத்தனை பாகம், எந்தப் பாகத்தில் யார் நிற்கலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எல்லாம் கஜா அண்ணனால் வந்தது.

கஜா என் ஒரே அண்ணன். அப்பா முன்னாலேயே இறந்துவிட்டார். அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் இருந்தான். எண்பதுகளின் கடைசி. ஒருநாள் கம்பெனி வாசலில் பூட்டு தொங்கியது. கதவடைப்பு. அதற்குப் பிறகும் அவன் தினமும் தூக்கில் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பிப் போவான், சாயங்காலம் வருவான். எங்கே போய் உட்கார்ந்திருந்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் மனசு நோகும் என்று விட்டுவிட்டோம். ஒரு காலையில் தூக்கை எடுக்காமல் கிளம்பினான். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாடா, சோறு எடுத்துகினு போவல?"

"கரையான்சாவடி வரிக்கும் போய்ட்டு வந்துடறேம்மா. மத்தியானம் ஊட்லயே துன்றேன்."

வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில், வயசுப் பையன்தானே, ஊர் சுற்றிவிட்டு வருவான் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பெயர் தெரியாமல் கிடக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். பூந்தமல்லி தர்காவில் கயிறு கட்டினாள். மாங்காட்டில் மடிப்பிச்சை எடுத்தாள். கோவில்பதாகையில் குறி சொல்கிற ஒருத்தி, "உம் புள்ள கெயக்கால கீறான்" என்றாள். எங்கள் ஊர் பாரிவாக்கத்துக்குக் கிழக்கே மெட்ராஸ் முழுசும் இருக்கிறது. அதைத் தாண்டினால் கடல். குறிக்காரியின் வாக்கு பொய்க்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

எங்கள் ஊர்க் கோயிலுக்கும் அம்மா தினமும் போனாள். போனாள் என்றால், வெளியே இருக்கிற வேப்பமரம் வரைக்கும். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்களுக்கு மரத்தடிதான். அங்கே நின்று அவள் கத்திக் கும்பிடுவாள். எனக்கு மானம் போகும்.

"ஏம்மா இந்தக் கத்து கத்தற?"

"இங்கேர்ந்து கூப்ட்டா உள்ள கேக்குமா? எட்டக்க நின்னு நின்னுதான் ஒண்ணும் நடக்கல."

அதுதான் அம்மாவின் கணக்கு. சாமி மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. தான் நிற்கிற இடம்தான் சரியில்லை. கிட்டே போய், காதோடு காதாக ஒரு தடவை சொல்ல முடிந்தால் போதும், பிள்ளை வந்துவிடுவான் என்று உறுதியாக நம்பினாள். எனக்குச் சாமி, இடம் இரண்டின் மேலும் எரிச்சல். ஆனாலும் அவள் பின்னால் போய்க்கொண்டுதான் இருந்தேன். அண்ணன் இல்லாத வீட்டில் தனியாக உட்கார எனக்குப் பயம்.

நான் அப்போது டியூப்லைட்டுக்குச் சோக் சுற்றுகிற கம்பெனியில் இருந்தேன். பக்கத்து மேஜையில் எஸ்தர் அக்கா. வேலை நேரத்தில் முணுமுணுவென்று ஜெபித்துக்கொண்டே கம்பி சுற்றுவாள். அவள் சுற்றினது ஒன்றுகூடத் திரும்பி வராது. நான் சுற்றினதில் பாதி வரும். ஒருநாள் அவள் சொன்னாள்:

"பாரிவாக்கம் ஏரி ஓரமா எங்க சபைல கன்வென்ஷன் கூட்டம் போடறோம்மே. ஆசரிப்புக் கூடாரம் எப்டி இருந்துச்சோ, அப்டியே அளவு வெச்சு கட்டப் போறாங்க. பாஸ்டர் ஐயா பொடவ கேக்கறாரு. நீலம் கெடச்சிடுச்சு. செவப்புதான் இல்ல."

வேதத்தில் இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு என்று மூன்று நிறம் சொல்லியிருக்கிறதாம். இரத்தாம்பரம் என்றால் என்ன நிறம் என்று சபையில் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. கடைசியில் கத்திரிக்காய் நிறம் என்று முடிவு கட்டி, யாருடையதோ ஒரு நைலக்ஸ் புடவையை வாங்கிவிட்டார்கள். நான் வீட்டில் இதைச் சிரிப்பாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"செவப்பு எத்துக்காம்?"

"சாமி இருக்கற எடத்துக்கு முன்னாடி தெர கட்டறதுக்கு."

அம்மா தகரப் பெட்டியைத் திறந்து தன் கூரைப்புடவையை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

கூடாரம் உண்மையிலேயே கட்டினார்கள். சுற்றிலும் சவுக்குக் கழி நட்டு, ஊரிலிருந்த வெள்ளை வேட்டியெல்லாம் கட்டி, அது வெளிப்பிராகாரம். அதற்குள் பலிபீடம் என்று ஒரு தார் டிரம். அவர்களுடைய பூசாரிகளான ஆசாரியர்கள் கைகால் கழுவுகிற வெண்கலத் தொட்டிக்குக் கல்யாண அண்டா. அதற்கு உள்ளே பரிசுத்த ஸ்தலம், அங்கே குத்துவிளக்கு, தூபம். அதற்கும் உள்ளே திரை. திரைக்குப் பின்னால் மகா பரிசுத்த ஸ்தலம், அதில் தங்கக் காகிதம் ஒட்டிய ஒரு மரப்பெட்டி, பெட்டியின் மூடிமேல் தெர்மாகோலில் வெட்டிய இரண்டு சிறகுள்ள தூதர்கள். எங்கள் அம்மா கல்யாணத்தன்று கட்டிய புடவைதான் அந்தத் திரை.

பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. சாயங்காலம் ஆனால் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பிரசங்கிப்பார். நல்ல குரல். ஜனங்கள் வெளிப்பிராகாரம் வரைக்கும்தான், அதற்குள்ளே ஆசாரியர்கள் மட்டும், திரைக்கு அந்தப் பக்கம், ஆண்டவர் இருக்கிற இடத்துக்கு, வருஷத்துக்கு ஒரே நாள் பிரதான ஆசாரியன் ஒருத்தன் மட்டும் என்று அவர் சொன்னபோது அம்மா என் காதில், "அந்த ஊர்லயும் நம்மள வெளியதான் நிக்க வெச்சிருக்கானுங்க பாரு" என்றாள்.

மறுநாள் அன்னாள் என்ற ஒருத்தியின் கதை. பிள்ளை வரம் கேட்டு, கூடாரம் இருந்த சீலோ ஊருக்கு வந்து, சத்தம் வராமல் உதடு மட்டும் அசைய அழுதவளை, அங்கிருந்த ஆசாரியன் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டானாம். அம்மாவுக்கு அந்த ஆசாரியன் மேல் வந்த கோபம் வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அதற்கும் மறுநாள் சாலொமோன். ஆலயம் கட்டி முடித்து அந்த ராஜா செய்த ஜெபத்தை பாஸ்டர் விளக்கினார். தூர தேசத்தில் தொலைந்துபோனவன்கூட இந்த இடத்தின் பக்கம் திரும்பி நின்று கெஞ்சினால், பரலோகத்திலிருந்து கேட்டு, மன்னித்து, இரக்கம் காட்டு என்று வேண்டினானாம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைந்து என் தோலில் ஏறியது. அவளுக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் உபவாச ஜெபம். மத்தியானம் எல்லோரும் புளியமரத்தடியில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். கூடார வாசலில் அவள் செருப்பு கிடந்தது. அண்டாவைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது, கால் கழுவியிருக்கிறாள். உள்ளே விளக்கு இருந்தது, தூபம் இருந்தது, அம்மா இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து பேச்சுக் குரல் வந்தது.

கூரைப்புடவையை விலக்கினேன். புழுக்கம் முகத்தில் அடித்தது. அம்மா அந்தப் பெட்டியின் மூடிமேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். ஒரு தூதரின் சிறகு அவள் கொண்டையில் மாட்டி உடைந்திருந்தது.

"பேரு கஜேந்திரன். மாநெறமா இருப்பான். எடது புருவத்துல வெட்டுக் காயம் கீது. நீலக் கோடு போட்ட சொக்கா. பசி தாங்க மாட்டான்..."

போலீஸ் ஸ்டேஷனில் சொன்ன அதே அடையாளம். பசி தாங்க மாட்டான் என்பது மட்டும் அங்கே சொல்லாதது.

இதற்குள் யாரோ பார்த்துவிட்டுச் சத்தம் போட, கூட்டம் வந்துவிட்டது. ஒரு பெரியவர் அசுத்தம், அசுத்தம் என்றார். பாஸ்டர் ஓடி வந்தார். வேடிக்கையைக் கேளுங்கள், தானே கட்டின திரைக்கு முன்னால் வந்ததும் அவரும் செருப்பைக் கழற்றினார். ஆனால் உள்ளே வரவில்லை. வெளியே நின்றே கூப்பிட்டார்.

"அம்மா, வெளிய வாங்கம்மா. இது சும்மா ஒரு மாதிரிதான். உள்ள ஒண்ணும் கெடையாது."

"என் பொடவைக்கு அப்பால சாமி கீதுன்னு நீதான நைனா சொன்ன?"

"அது அந்தக் காலத்துலம்மா. இப்ப ஆண்டவர் எல்லா இடத்துலயும் இருக்கார். எங்க இருந்து கூப்பிட்டாலும் கேப்பார்."

"அப்பறம் இன்னாத்துக்கு நைனா இவ்ளோ துணிய கட்டின?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? நாங்கள் ஒரு பிடி மஞ்சளைப் பிடித்துவைத்து அருகம்புல் செருகினால் பிள்ளையார் வந்துவிடுவார். கலசத்தில் மூன்று நாள் அம்மன் இருப்பாள். இவ்வளவு பேர் மூன்று நாள் அழுது கூப்பிட்டு, தன் கல்யாணப் புடவையையும் கட்டிய இடத்தில் சாமி வராது என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? மாதிரிக்காக ஒரு கோயில் கட்டுவார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது.

நான் தோளைப் பிடித்து இழுத்தும் அம்மா எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"இத்த எப்ப பிரிப்பீங்க?"

"நாளைக்குக் காலைல பந்தல்காரங்க வந்துருவாங்கம்மா."

"பிரிக்காத நைனா. உன் கால்ல உயுறேன். எங்கியோ கீறவன் இந்தப் பக்கமா திரும்பிக் கும்புட்டா கேக்கும்னு சொன்னியே. இத்தப் பிரிச்சிட்டா எம் புள்ள எந்தப் பக்கம் திரும்புவான்?"

பாஸ்டர் அழுதார் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அழவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "பேர் இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் பிரசங்கம் இல்லை. கஜேந்திரன் என்ற பெயரை மட்டும் சொல்லி அவ்வளவு கூட்டமும் ஜெபித்தது. அசுத்தம் என்று சொன்ன பெரியவரும் முழங்கால் போட்டிருந்தார். சாமியே பிடிக்காத நானும் கண்ணை மூடிக்கொண்டு, அண்ணா, அண்ணா என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்படி ஒரு கத்தல் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் கத்தியது இல்லை. அன்றைக்கு வராவிட்டால் இனி எப்போதும் வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் பந்தல்காரர்கள் வந்தார்கள். கழியைப் பிடுங்கின குழிகள் மட்டும் மிச்சம். அம்மா அதைப் பார்க்க வரவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. "அவன் திரும்பற எடம் இதுதான்" என்றாள். ஆவடியில் சித்தி வீட்டுக்குப் போனால்கூடப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். நான் கல்யாணமாகி வந்த பிறகு எத்தனையோ தடவை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. கதவின் பச்சைப் பெயின்டை மாற்ற விடவில்லை. தொண்ணூறுகளில் பக்கத்து நிலமெல்லாம் மனையானபோது, வீட்டை விலைக்குக் கேட்டு வந்தவர்களைத் துடைப்பத்தோடு துரத்தினாள். நடுவில் ஒரே ஒரு ஓட்டு வீடு நின்றது, அவள் நின்றாள். ஒருநாள் காலையில் அந்த வாசற்படியிலேயே சாய்ந்து கிடந்தாள்.

அவள் இருந்த வரைக்கும்தான் வீடும். பிறகு ரோடு அகலமானபோது பாதி போனது, மீதியை நாங்களே இடித்தோம். அண்ணனின் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி. எங்கள் சோக் கம்பெனியும் இல்லை. எஸ்தர் அக்காவும் போய்விட்டாள். கன்வென்ஷன் போட்ட இடம் எது என்று அந்த ஏரி ஓரத்தில் என்னாலேயே காட்ட முடியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்த ஒரு மரம், ஒரு சுவர்கூட இன்று பாரிவாக்கத்தில் கிடையாது.

அவன் அடையாளம் கண்டுகொள்ள மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். அதுவும் இரட்டைப் பின்னல் போட்ட பத்தொன்பது வயசுக்காரியாகத்தான் அவனுக்கு என்னைத் தெரியும். இன்றைக்கே என் எதிரில் வந்து நின்றாலும், "அண்ணா, நான்தான்" என்று நான் சொல்ல வேண்டும். அவன் நம்ப வேண்டும்.