இலையைக் கடித்த எறும்புகள்

அத்தையைக் காட்டில் ஏதோ பிடித்துவிட்டது என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அவர் அப்பாவின் தங்கை. கிள்ளானில் கணவரை இழந்தபின், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. விறகு பொறுக்குவதாகச் சொல்லி விடிந்ததும் பங்சார் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய புதர்க்காட்டுக்குப் போவார். வெயில் தாழ்ந்தபின் நாலு சுள்ளிகளோடு திரும்புவார்.

ஒரு சனிக்கிழமை அவருடைய பால் டின்னை அம்மா திறந்து பார்த்தார். உள்ளே காய்ந்த இலைகள். ஒவ்வோர் இலையின் அடிநரம்பையும் ஓர் எறும்பு கடித்தபடியே செத்திருந்தது; அதன் பிடரியிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று நீண்டிருந்தது. செய்வினை என்று அம்மா அலறினார். பக்கத்து வீட்டு அக்காள் ஓடிவந்தார்.

"எறும்புக்கே கொம்பு மொளைக்க வெச்சிருக்கா! வெள்ளிக்கிழமை பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போயிடுங்கண்ணே. விட்டா பிள்ளைங்களையும் புடிச்சிக்கும்."

பூசாரி பேயோட்டும் விதம் எங்களுக்குத் தெரியும். வேப்பிலைக் கொத்தால் விளாசுவார். உச்சிமுடியை மரத்தில் வைத்து ஆணியடித்து, பிய்த்துக்கொண்டு வரச் சொல்வார். அப்பா சரியென்று தலையசைத்துவிட்டார்.

அத்தை அழவில்லை. "வரேண்ணே. அதுக்கு முந்தி ஒருதரம் நீங்க என்கூட வரணும்" என்றார்.

மறுநாள் அப்பாவோடு நானும் போனேன். உச்சிவேளையில், வரிசையை விட்டு விலகிய ஓர் எறும்பு, குடித்தவனைப்போல் தள்ளாடி விழுந்து எழுந்து, ஒரு செடியில் ஏறி, இலையின் அடிநரம்பைக் கவ்வியது. அப்பா விரலால் தட்டினார், அது விடவில்லை.

"செத்த கட்டையில காளான் வர மாதிரி இதுக்குள்ள அந்தக் காம்பு வளருதுண்ணே. இது தன் இஷ்டத்துக்கு நடக்கல. நான் என் இஷ்டத்துக்குத்தான் நடக்கறேன். வீட்ல எல்லாரும் என் வெறும் நெத்தியத்தான் பாக்கறாங்க. இங்க ஒண்ணும் என்னைப் பாக்காது."

பின்னாளில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நோயுற்ற எறும்பைக் கூட்டம் வெளியேற்றிவிடும். ஆகவே உள்ளே வளரும் அந்தக் காளான், ஒருவகைப் பூஞ்சை, அதைக் கூட்டுக்கு வெளியே, ஆனால் மற்றவை நடக்கும் வழிக்கு மேலே, கொண்டுபோய் நிறுத்தக் கற்றது. எறும்புகளோ தரையைத் தவிர்த்துக் கிளைகளில் வழி அமைக்கக் கற்றன. கற்றது என்பது நம் சொல். ஒவ்வொரு தலைமுறையிலும் தப்பியவை பெருகின, அவ்வளவே. ஒன்றின் காப்பு மற்றொன்றின் தந்திரத்தைக் கூர்மையாக்க, எதுவும் முழுதாக வெல்லாமல், ஒன்றையொன்று உருவாக்கிக்கொண்டே வந்திருக்கின்றன.

அன்று அப்பா எங்களுக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்காளிடம், "வெள்ளிக்கிழமை நாங்க எங்கயும் போகல" என்றார்.

"ஏண்ணே, உங்களயும் பேய் அடிச்சிடுச்சா?"

"ஆமா. அடுத்த ஞாயிறும் போறோம்."

டின் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் மட்டும் அம்மா கடைசிவரை உறுதியாக இருந்தார். ஞாயிறுதோறும் நாங்கள் போய்வந்தோம். அப்பா முதலில் காலமானார். நெடுங்காலம் கழித்து அத்தையும். புதர்க்காடு இருந்த இடமெல்லாம் இப்போது வீடுகள். அங்கே குனிந்து பார்த்துக்கொண்டு நின்ற மூவரில் நான் மட்டும் இன்னும் இருக்கிறேன்.