மகாவலிக் கரையில் இரண்டு சைக்கிள்கள்

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்த மாதம், அவர் என்னைத் தேடி வந்து கப்பலைப் பற்றியோ, அக்கரையில் போய் என்ன செய்வது என்பதைப் பற்றியோ பேசவில்லை. ஆகஸ்ட் லீவு எப்போது தொடங்குகிறது என்று கேட்டார்.

நான் அப்போது டயகமவில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியன். ஒரே அறை, ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவனே. அவர் தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்கு அவர் டாக்டர் ஐயா, எனக்கு அண்ணன். மனைவி தவறி மூன்று வருடமாகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. பிறந்தது, படித்தது, மனைவியை அடக்கம் செய்தது எல்லாம் அந்த மலையில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தின்படி இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். போதிய அத்தாட்சி இல்லை என்று மனு திரும்பி வந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து சித்தப்பா மகன் கடிதம் மேல் கடிதம் எழுத, கடைசியில் இந்தியப் பிரஜாவுரிமைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஊரை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

"மாஸ்டர், நம்ம லயத்துக்குக் கீழ ஓடுற தண்ணி மகாவலிக்குப் போகுதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க. முப்பத்தஞ்சு வருசமா நான் அந்தத் தண்ணியத்தான் குடிச்சேன். அது போற எடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேனே. சைக்கிள்லயே போவோம்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பலகையில் சாக்கட்டியால் ஒரு நீலக் கோடு இழுத்து, இதுதான் மகாவலி என்று வருடா வருடம் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த ஆற்றை நானும் பார்த்ததில்லை.

தோட்டத்துத் துரையிடம் அவர் நான்கு நாள் லீவு வாங்கினார். அவரிடம் டிவிஷனுக்கு டிவிஷன் போய்வரத் தோட்டம் கொடுத்த கனத்த கறுப்புச் சைக்கிள் இருந்தது. நான் கடைக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். கட்டுச்சோறு, ஒரு போர்வை, அவருடைய பழக்கதோஷத்தால் ஒரு பையில் அயோடினும் பஞ்சும்.

விடிந்ததும் புறப்பட்டோம். மலைநாட்டில் சைக்கிள் ஓட்டுவது என்றால் பாதி வழி சைக்கிளைத் தள்ளுவது, மீதி வழி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலை, அங்கிருந்து ஹட்டன் என்று ஏறியும் இறங்கியும் வந்ததில் மத்தியானத்துக்குள் என் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. ஹட்டன் கடைவீதியில் ஒருவர் பழைய டயரை அறுத்துக் கட்டைகளுக்குப் பதிலாக வைத்துக் கொடுத்தார். கினிகத்தேனைக்கு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. டயர்த் துண்டு நனைந்ததும் வழுக்கத் தொடங்கியது. அண்ணன் வீதியோரத்தில் ஒரு தடித்த கிளையை ஒடித்து, கயிற்றால் என் சைக்கிளின் பின்னால் கட்டிவிட்டார். அது தார் வீதியில் சரசரவென்று இழுபட்டு வேகத்தைக் குறைத்தது. கினிகத்தேனைக் கடைகளில் நின்றவர்கள் ஏதோ விறகு வியாபாரி வருகிறான் என்று பார்த்தார்கள். ஒரு சிங்களக் கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்தார். நனைந்த இரண்டு பேரையும் பார்த்து, நாவலப்பிட்டி வரை இறக்கம்தான், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று நாவலப்பிட்டியில் ரயில்வேயில் வேலை செய்த என் பெரியம்மா மகன் வீட்டில் தங்கினோம். வந்து சேர்ந்த நேரம் மழையும் இருட்டுமாக இருந்ததால் ஆற்றைப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது என்று சொல்ல முடியாதபடி அது ஊர் முழுக்க இருந்தது.

காலையில் மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து கரைக்குப் போனோம்.

எங்கள் மலையில் தண்ணீர் என்றால் கல்லுக்குக் கல் தாவுகிற வெள்ளை. ஒரு மனிதன் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடலாம். இங்கே கண்முன்னால் ஒரு வயல் அளவு அகலத்துக்குச் செம்மண் நிறத்தில் ஒரே பரப்பு நகர்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. ஒரு முழு மூங்கில் புதர், வேரோடு, நின்ற நிலையிலேயே மிதந்து போனது. அதன்மேல் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. அக்கரையில் துணி துவைத்த பெண்கள் கை விரல் அளவுக்குத் தெரிந்தார்கள். பலகையில் நான் இழுத்த கோடு ஞாபகத்துக்கு வந்து, கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் வரை இறங்கி நின்றார். வெகுநேரம் கழித்து, "இவ்வளவு பெருசா" என்றார்.

பிறகு கம்பளை வீதி. அதைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் சமவெளியில் பிறந்தவர்களுக்குப் புரியாது. அந்த வீதி தட்டையாக இருந்தது. மிதித்தால் போனது, மிதிக்காவிட்டாலும் கொஞ்ச தூரம் போனது. ஆறு ஒரு பக்கம் வந்தது, மறைந்தது, தென்னைகளுக்கு நடுவே மறுபடி வந்தது. இன்னொரு பக்கம் கதிர் சாய்ந்த வயல்கள். தேயிலையின் கரும்பச்சையைத் தவிர வேறு பச்சை தெரியாத கண்ணுக்கு அந்த மஞ்சள் கூசியது. அருகருகே சைக்கிளை விட்டுக்கொண்டு, கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசியபடியே போனோம். எங்கள் மலையில் சைக்கிளில் போகும்போது பேச மூச்சு இருக்காது.

கம்பளைக்கு முன்னால் ஒரு வளைவில் திரும்பியபோது வீதி நிறைய யானைகள். மூன்று. கண்டிப் பெரஹெரா ஊர்வலம் முடிந்து திரும்ப நடத்திக்கொண்டு வருகிறார்கள். சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு நின்றோம். முன்னால் வந்த கொம்பன் தன் சாப்பாடான கித்துள் பனை மட்டையைத் தானே தும்பிக்கையில் தூக்கிக்கொண்டு வந்தது. காலடிச் சத்தமே இல்லை. சங்கிலியின் சத்தம் மட்டும். என் முகத்துக்கு நேராக அதன் கண் கடந்து போனபோது, அந்தக் கண்ணைச் சுற்றியிருந்த சுருக்கங்களை எண்ணிவிடலாம் போல இருந்தது. பாகன் சிரித்து, எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணன் சிங்களத்திலேயே, ஆற்றோடு போகிறோம் என்றார். பாகனுக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

கம்பளையில் சாப்பிட்டோம். ஒரு காலத்தில் ராஜாக்கள் இருந்து ஆண்ட ஊர் அது. அந்தக் காலத்துக் கோயில்கள் பக்கத்தில் இருக்கின்றன என்று பெரியம்மா மகன் சொல்லியிருந்ததால், ஆற்றை விட்டு இடப்பக்கம் சிறு வீதியில் திரும்பினோம். முதலில் எம்பெக்க தேவாலயம். கதிர்காமக் கடவுளின் கோயில், நம்முடைய முருகன்தான். முன்மண்டபம் முழுக்க மரத் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் நான்கு பக்கமும் ஒவ்வொரு சித்திரம்: கழுத்தோடு கழுத்து பின்னிய அன்னங்கள், மல்யுத்தக்காரர்கள், குதிரைமேல் போர்வீரன். மரத்தில் செதுக்கியதா, மாவில் பிசைந்ததா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஒரு தூணில் குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய். அண்ணன் மற்றத் தூண்களைச் சுற்றி வந்துவிட்டு, மறுபடி அந்தத் தூணுக்கே போய் நின்றார். நான் வெளியே வந்து காத்திருந்தேன்.

அங்கிருந்து லங்காதிலக விகாரை தூரமில்லை. வயல் நடுவில் ஒரு கரும்பாறை, அதன் உச்சியில் வெள்ளை வெளேரென்று கோயில். படிகளில் ஏறி மேலே போனால் நான்கு பக்கமும் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. கிழக்கு வாசலில் புத்தர். அதே கட்டடத்தைச் சுற்றி வந்தால் விஷ்ணு, பிள்ளையார், கந்தன் எல்லோருக்கும் இடம் இருந்தது. அண்ணன் கத்தோலிக்கர். ஆனாலும் பிள்ளையார் முன்னால் நான் கும்பிட்டபோது அவரும் தலை குனிந்து நின்றார்.

கோயில் சாவியை வைத்திருந்தவர் நடுத்தர வயதுச் சிங்களவர், தோளில் ஒரு சால்வை. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். தேயிலைத் தோட்டத்திலிருந்து என்றோம். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, வாருங்கள் மாத்தயா, உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும் என்று கோயிலுக்குப் பக்கத்தில் பாறையின்மேல் கூட்டிப் போனார். கோயிலைக் கட்டிய காலத்தில் அதற்குக் கொடுத்த நிலபுலன்களைப் பற்றி அங்கே கல்லில் எழுதியிருக்கிறதாம். ஒரு பக்கம் சிங்களம் என்று காட்டினார். பிறகு இன்னொரு பக்கத்தைக் காட்டி, இது உங்கள் எழுத்து, பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்து மை தடவிக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டு போனார்கள், எனக்கு வாசிக்கத் தெரியாது, நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் முழங்காலிட்டேன். மழை கழுவிய பாறையில் வரிவரியாக எழுத்துகள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, இருட்டறையில் கண் பழகுவது போல, ஒரு 'ப' தெரிந்தது. அதற்கடுத்து ஒரு 'ட'. ஒரு 'ம'. எங்குமே மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. என் வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அறுநூறு வருடங்களுக்கு முன் ஒருவர் இந்தக் கல்லின்மேல் இதேபோல முழங்காலிட்டு உட்கார்ந்து, நான் டயகமவில் குளிரில் நடுங்கும் பிள்ளைகளுக்குக் கைபிடித்து எழுதப் பழக்குகிற அதே எழுத்தை உளியால் வெட்டியிருக்கிறார். ஒரு சொல்லைக்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை. சாவிக்காரரிடம் அதைச் சொன்னேன். அவர் ஏமாற்றமடைந்ததாகத் தெரியவில்லை. தமிழ்தானே, அதுமட்டும் சரிதானே என்று கேட்டுக்கொண்டார்.

அண்ணன் பாறையிலேயே உட்கார்ந்து, எழுத்துகளின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். நோயாளிக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

"அத்தாட்சி இல்லன்னுதானே மாஸ்டர் என்னோட காயிதத்தத் திருப்பி அனுப்பினாங்க" என்றார்.

நான் ஆசிரியன் அல்லவா, உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதை எழுதியவர்கள் நம்முடைய ஆட்கள் அல்ல, நம்முடைய பாட்டன்மார் கோப்பித் தோட்டம் போட்ட காலத்தில்தான் வந்தார்கள் என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும் மாஸ்டர்" என்றார் அவர். "நம்மாளு எழுதினதில்ல. ஆனா இத வெட்டச் சொன்னவரு, இங்க இந்த எழுத்தப் படிக்கிற ஜனமும் இருக்கும்னு நெனச்சிருக்காரு பாருங்க. அதுக்காகத்தானே இவ்வளவு பாடு."

சாவிக்காரர், அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் கோயிலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். மழை வரும் போலிருக்கிறது, இன்றைக்கு என் வீட்டில் தங்கிவிட்டுப் போங்கள் என்றார்.

பாறைக்குக் கீழே, வயல் ஓரத்தில் அவர் வீடு. அவருடைய மனைவி சிவப்பரிசிச் சோறும் பலாக்காய்க் கறியும் வைத்தார். சாப்பிடும்போதுதான் சாவிக்காரர் ஒரு விஷயம் கேட்டார். இரண்டு நாள் சைக்கிள் தூரத்தில் இருக்கும் எங்கள் மலைக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. அங்கே சில மாதங்களில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடுமாமே, அது உண்மையா? அண்ணன் அவருக்குச் சொன்னார். தை மாசத்தில் உறைபனி விழுவதை, புல்லில் நடந்தால் காலுக்கடியில் கண்ணாடி நொறுங்குவது போலச் சத்தம் வருவதை, வெயில் பட்டதும் தேயிலைக் கொழுந்துகள் கருகிப்போவதை. நாங்கள் ஆற்றைப் பார்த்த அதே கண்ணோடு அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி கரண்டியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

மறுநாள் பேராதனைக்கு இறங்கி, ஆற்றை இன்னொரு தடவை பாலத்தின்மேல் நின்று பார்த்துவிட்டு, சைக்கிள்களைக் கார்ட் பெட்டியில் ஏற்றி ரயிலில் தலவாக்கலைக்குத் திரும்பினோம். இரண்டு நாள் இறங்கிய தூரத்தை ரயில் ஒரே பகலில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது.

அண்ணன் ஐப்பசியில் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். போகமாட்டார் என்று நான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் கடிதம் வந்தது. ஒரு மருந்துக்கடையில் வேலை, வெயில் தாங்க முடியவில்லை, சிலோனில் ஒரு பாறையில் தமிழ் வெட்டியிருக்கிறது என்று சொன்னால் இங்கே யாரும் நம்பவில்லை, ஒரு வரியாவது பார்த்து எழுதி அனுப்புங்கள் என்றிருந்தது.

மார்கழி லீவில் நான் தனியாகப் போனேன், ரயிலிலும் பஸ்ஸிலும். சாவிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பென்சிலும் கோடு போடாத தாளுமாகப் பாறையில் உட்கார்ந்து, பொருள் தெரியாமலே, இருந்தது இருந்தபடி எழுத்து எழுத்தாக வரைந்தேன். வெயில் ஏறிவிட்டது. அவர் குடையை எடுத்து வந்து என் தலைக்குமேல் பிடித்தார். மற்ற மாத்தயா எங்கே என்று கேட்டார். இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றேன். எப்போது திரும்பி வருவார் என்றார். வரமாட்டார் என்று சொன்னேன். நான் அந்த வரியை முடிக்கும் வரைக்கும் அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.