புதன்கிழமை மருந்து

வேலூர் ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் என் கையில் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, "ஒண்ணுக்கு வர்ற துவாரம் எங்க இருக்குன்னு முதல்ல பாத்துக்குங்கக்கா" என்று சொன்னபோது எனக்கு நாற்பத்தோரு வயது. இரண்டு பிள்ளைகள் பெற்றவள். அதுவரை அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கக்கூடிய இடம் என்றே தோன்றியதில்லை. கண்ணாடியை வாங்கியதும் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். நர்ஸ் சிரிக்கவில்லை. "இன்னும் கீழக்கா" என்றாள்.

ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் காலை மடக்கி உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அடிவயிற்றில் எரிச்சல் ஆரம்பித்தது. அரை மணிக்கு ஒரு தரம் ஒண்ணுக்கு வரும். போனால் நாலு சொட்டுதான். போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடி முட்டும். பக்கத்துத் தெரு டாக்டர் சூடு என்றார், பிறகு கிருமி என்றார், மாத்திரை மாத்திரையாகக் கொடுத்தார். சிறுநீரைப் பரிசோதித்தால் கிருமி எதுவும் இல்லை என்றே வந்தது. எரிச்சல் மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் கடைக்குக் கல்யாணப் பார்ட்டி வந்திருந்தது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வந்ததிலிருந்து இரண்டு தடவை எழுந்து போய்விட்டேன். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மேல்தட்டிலிருந்து ஒரு புடவையை எடுக்க எட்டிப் பிடித்தபோது அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. அவ்வளவுதான், என் கையில் எதுவும் இல்லை. வெள்ளை விரிப்பு நனைவதை நானே பார்த்தேன். பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டி அதன்மேல் கவிழ்த்துவிட்டு, "பாட்டில் கவுந்துடுச்சுங்க" என்றேன். கல்யாணப் பெண்ணின் அம்மா தன் புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் என்னை மாடியில் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அதற்கு அப்புறம்தான் வேலூருக்குப் போனேன். உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, மூத்திரப்பையின் உள்பக்கம் புண்பட்டதுபோல இருக்கிறது, இது கிருமியால் வந்ததில்லை, முழுசாகக் குணமாகும் என்று சொல்ல முடியாது, ஆனால் அடக்கலாம் என்றார் டாக்டரம்மா. வாரம் ஒரு தடவை மெல்லிய டியூப் வழியாக மூத்திரப்பைக்குள்ளேயே மருந்தை ஏற்ற வேண்டும். இரண்டு வாரம் அங்கேயே ஏற்றிக்கொண்டேன். ஆனால் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் உயிர் போய் வரும். பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு, கறுப்புப் புடவை கட்டிக்கொண்டு, கடைசி சீட்டில் உட்கார்ந்து போவேன். ஒரு தடவை நடுவழியில் இறங்கி, ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஓடினேன். பஸ் எனக்காக நின்றது. எல்லா ஜன்னலிலும் தலைகள்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் டாக்டரம்மா, "நீங்களே வீட்ல பண்ணிக்கலாமே, கத்துத் தருவாங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். கற்றுக்கொள்வது என்றால் என்ன என்று கண்ணாடி கைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அன்று நர்ஸ் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை டியூப் சரியாகப் போனது. நான் அந்த நேரம் முழுக்கக் கூரையில் ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கற்றுக்கொண்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சேவூரில் பவர்லூம் ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறவர். அவரிடம், "மருந்து ஏத்துறாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் கையில் ஊசி போடுவதாக நினைத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை. டியூப், ஜெல்லி, மருந்து, சிரிஞ்சு எல்லாவற்றையும் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். புதன்கிழமை எனக்குக் கடை லீவு. பிள்ளைகள் படிக்கப் போய்விடுவார்கள். அன்றைக்கு என்று வைத்துக்கொண்டேன்.

முதல் புதன்கிழமை பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்தினேன். கண்ணாடியில் இருட்டு தவிர ஒன்றும் தெரியவில்லை. டியூப்பைத் தள்ளினேன். போனது, ஆனால் சிறுநீர் வரவில்லை. போன இடம் தப்பு, அது பிள்ளை வரும் வழி. எடுத்துப் போட்டுவிட்டு இன்னொன்றைப் பிரித்தேன். அது கை நழுவி ஈரத்தரையில் விழுந்தது. மூன்றாவதை எடுத்தபோது எரிச்சல் தாங்கவில்லை. சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கதவு தட்டப்பட்டது.

"ஒரு மணி நேரமா உள்ள இன்னா பண்ணிகினு கீறே? தண்ணி சத்தமும் கேக்கல."

என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார், மூன்று மணிக்குத்தான் வருவார். அன்று பள்ளிக்கு அரை நாள் என்பது எனக்குத் தெரியாது.

"ஒண்ணும் இல்லண்ணி" என்று கதவைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மூலையில் கிடந்த டியூப்பைப் பார்த்தார்.

"இன்னா இது?"

"மீன் தொட்டிக்கு அண்ணி."

எங்கள் வீட்டில் மீன் தொட்டியே கிடையாது.

அண்ணி குனிந்து அதை எடுத்துப் பார்த்தார். "மூத்திரத்துக்கு வைக்கிற டியூபு. எனக்கு வச்சது இதவிட மொத்தம். மூணு வாரம் தொங்கிகினு இருந்துது. எனக்குத் தெரியாதா?" என்றார்.

அண்ணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றாலும்.

இருபத்து மூன்று வயதில் அண்ணிக்கு முதல் பிரசவம். தெள்ளார் பக்கம் புகுந்த வீடு. மூன்று நாள் வலி. ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு கொண்டுபோகவில்லை. குழந்தை செத்துப் பிறந்தது. குழந்தை தலை அழுத்தியதில் உள்ளே கிழிந்து, மூத்திரம் நிற்காமல் வழிய ஆரம்பித்தது. நாலு மாதம் பார்த்துவிட்டுப் புருஷன் வீட்டார் அவரை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு கூப்பிட வரவே இல்லை. இதைச் சரிசெய்ய ஆபரேஷன் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் சில வருடம் போயிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். இருக்கிறதே ஒரு கூடமும் ஒரு அறையும். வந்த இரண்டாவது மாதம் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "உங்க அக்கா பக்கத்துல உக்காந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. வாந்தி வருது." அடுத்த வாரம் அவர் பின்பக்கம் நாலு ஷீட் போட்டு ஓர் அறை எழுப்பினார். அண்ணி பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போனார். அதற்கப்புறம் ஆபரேஷன் ஆகி, எல்லாம் சரியாகி, வேலைக்கும் போக ஆரம்பித்தார். ஆனால் அந்த அறையைவிட்டு உள்ளே வரவில்லை. நானும் வாங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அந்த அண்ணியின் முன்னால்தான் அன்று பாதி நனைந்த பாவாடையோடு நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கடையில் நடந்ததைத் தவிர. அதைச் சொல்ல முடியவில்லை.

அவர் கேட்டுவிட்டு, "பாத்ரூம்ல குந்திகினு பண்ணா எப்பிடி தெரியும்? கட்டில்ல சாஞ்சு உக்காரு. அந்த நர்சுப் பொண்ணு நம்பரு உங்கிட்ட கீதா? போன் போடு" என்றார். கையை முழங்கைவரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். என்னையும் கழுவச் சொன்னார்.

நர்ஸ் ஸ்பீக்கரில் பேசினாள். அண்ணி ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கண்ணாடி. நான் முட்டியைச் சேர்த்துக்கொண்டேன்.

"நான் கை வைக்க மாட்டேன். உன் கைதான். நான் வெளிச்சம் புடிக்கிறேன், அவ்ளோதான்" என்றார் அண்ணி.

முதல் டியூப் மறுபடி தப்பாகவே போனது. எடுக்கப் போனேன். போனில் நர்ஸ், "எடுக்காதீங்கக்கா. அது அங்கயே இருக்கட்டும். அதான் உங்களுக்கு அடையாளம். புதுசு ஒண்ணு பிரிச்சு அதுக்கு மேல பாருங்க" என்றாள். அண்ணி கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தார். அப்போதுதான் பார்த்தேன், ஒரு சின்ன மடிப்பு மாதிரி. இத்தனை வேதனையும் அங்கிருந்துதானா என்று இருந்தது. ஜெல்லி தடவி மெதுவாகத் தள்ளினேன். சுரீர் என்றது, பிறகு கிண்ணத்தில் சிறுநீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு" என்றார் அண்ணி போனைப் பார்த்து.

வடிந்து முடிந்ததும் சிரிஞ்சைப் பொருத்தி மருந்தை மெல்ல ஏற்றினேன். டியூப்பை உருவினேன். இனி மருந்து உள்ளே நிற்கும்படி ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அண்ணி போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் முறத்தில் பூண்டை எடுத்துவந்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்.

கூரையைப் பார்த்தபடி சொன்னேன். "அண்ணி, நான் புதுசா வந்தப்ப ஒண்ணு சொன்னேன்..."

"அவன்கிட்ட நீ சொன்னப்ப கதவுக்கு அந்தாண்ட நான் நின்னுகினு இருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "நீ சொன்னதுல பொய் இன்னா கீது? நாத்தம் அடிச்சுது. எனக்கே அடிச்சுது. வெளிய போய்ப் படுத்தது எனக்கும் நிம்மதிதான்."

ஒரு பூண்டை உரித்து முடித்தார்.

"ஆனா என் தட்டத் தனியாக் கவுத்து வச்ச பாரு. ஆபரேசன் ஆயி வந்த அப்புறமும். அதுதான்..."

நான் அந்தத் தட்டை மறந்தே போயிருந்தேன். அடுப்படி மூலையில், ஜன்னலுக்குக் கீழே, மற்ற பாத்திரங்களோடு சேராமல் ஒரு எவர்சில்வர் தட்டு. எத்தனை வருடம் அப்படி வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. செய்த எனக்கு ஞாபகம் இல்லை, அவருக்கு ஒரு நாள் விடாமல் ஞாபகம் இருந்திருக்கிறது. மன்னிச்சிடுங்க என்று சொன்னேனா, சொல்ல நினைத்து விட்டுவிட்டேனா என்பதுகூட இப்போது சரியாக நினைவில்லை. "ஆடாம படு, மருந்து வெளிய வந்துடப் போவுது" என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த நாலு புதன்கிழமையும் அண்ணி இருந்தார். பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு ஜல்தியாக வந்துவிடுவார். மூன்றாவது வாரம் வெறும் கண்ணாடி போதும் என்றாயிற்று. ஐந்தாவது வாரம் கண்ணாடியும் வேண்டியிருக்கவில்லை, விரலே இடத்தைச் சொல்லியது. ஒரு நாள் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார். சாத்திய கதவுக்குப் பின்னால் அக்காவும் பெண்டாட்டியும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். அன்று இரவுச் சோற்றுக்கு அப்புறம் உள்ளதைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படுக்கும்போது, "வலிக்குமா?" என்றார். "இப்ப இல்ல" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

அண்ணியை உள்ளே வந்து படுக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். "அங்க காத்து நல்லா வருது, எனக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்றுவிட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அவருக்காகக் கேட்கிறேனா, என் மனசு லேசாவதற்காகக் கேட்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இப்போது மாதம் ஒரு தடவை போட்டால் போதும். எரிச்சல் முழுசாகப் போகவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. வேலூருக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்கிறேன். கடையில் மறுபடி கீழே வரச் சொன்னார்கள். மாடியே போதும் என்று சொல்லிவிட்டேன். அந்த வெள்ளை விரிப்பில் உட்கார என்னால் முடியாது.

போன மாதம் நர்ஸ் போன் செய்தாள். போளூரில் ஒரு அம்மாவுக்கு இதே வைத்தியமாம், டியூப்பைப் பார்த்ததும் அழுகிறாராம். "உங்க நம்பரைக் குடுக்கட்டுமாக்கா? நீங்க ரெண்டு வார்த்தை பேசினா தெம்பா இருக்கும்" என்றாள். "வேணாம்மா, வீட்ல பிள்ளைங்க இருப்பாங்க, கடையில ஆளுங்க இருப்பாங்க" என்றேன். சொல்லும்போதே காது சூடாகியது. பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணி கையை நீட்டிப் போனை வாங்கினார். "என் நம்பர எழுதிக்கோ" என்று சொன்னார்.

போளூர் அம்மா இப்போது அவரிடம்தான் பேசுகிறார். வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் அண்ணி துணி காயப்போடும் கயிற்றுப் பக்கம் நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்கள் காதில் விழும் குரலில், "அவசரப்படாதம்மா, தப்பாப் போனா போவட்டும், இன்னொன்னு பிரிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் அடுப்படி ஜன்னலைச் சாத்திவிடுவேன். சாத்திவிட்டு, உள்ளே நின்று, அவர் சொல்வது முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.