விளக்குப் போடும் மெட்டு

கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஏறும் சாலையில் இருந்த ஒரு பாரில், இரண்டு வருடம் சனிக்கிழமை இரவுகளில் கீபோர்டு வாசித்தேன். பாடியவள் பகலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அந்த பார் இருந்த இடத்தில் இப்போது சாக்லேட் விற்கிறார்கள். அந்தச் சனிக்கிழமைகளுக்காக இன்றும் ஏங்குகிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அந்த இடம் ஒன்றும் சொர்க்கமில்லை. சிகரெட் புகை கண்ணைக் கரிக்கும். சுற்றுலா வந்த கூட்டம் ஒரே பாட்டை நாலு தரம் கேட்கும், ஐந்தாவது தரம் மைக்கைப் பிடுங்கித் தானே பாடும். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து திட்டுவார். அவர் மேல் தப்பில்லை, நானாயிருந்தால் கல்லெடுத்து எறிந்திருப்பேன். ஆனால் பதினொன்றரைக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும். கண்ணாடிக்கு வெளியே மேகம் இறங்கி நிற்கும். மிச்சமிருக்கும் நாலைந்து பேருக்காக அவள் குரலைத் தாழ்த்திப் பாடுவாள். அதைக் கேட்கத்தான் மற்றதையெல்லாம் சகித்தேன்.

ஸ்பீக்கர் இரைச்சலில் பேச வழியில்லை. அவள் சுண்டுவிரலைத் தூக்கினால் நான் சுருதியை அரைக்கட்டை ஏற்றுவேன், எங்கள் பேச்சு அவ்வளவுதான். பார் மூடும்போது அவளுடைய அண்ணன் வாசலில் ஜீப்போடு நிற்பார். ஞாயிறு காலை மாதா கோயிலில் அவள் பாடகர் குழுவில், நான் ஆர்கனில். அங்கேயும் அவள் வீட்டுச் சனம் சுற்றி நிற்கும்.

பாரை மூட எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நான் போட்ட மெதுவான, வார்த்தையில்லாத மெட்டு ஒன்று. அது தொடங்கினால் சர்வர் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் கிளாஸ்களை அள்ளுவார்.

ஒரு ஞாயிறு, ஆறு மணிப் பூசையில், தூக்கக் கலக்கத்தில் நற்கருணை நேரத்தில் அதையே வாசித்துத் தொலைத்தேன். கடைசி வரிசையில் தூங்கி வழிந்த எங்கள் சர்வர் சட்டென்று எழுந்து, பக்கத்திலிருந்தவர்களின் பாட்டுப் புத்தகங்களைப் பிடுங்கி அடுக்கத் தொடங்கினார். அவள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பூசை முடிந்து சாமியார் என்னை வறுத்தெடுத்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

பிறகு அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை கிளம்புகிறாள். அந்தக் கடைசிச் சனிக்கிழமை, போக வேண்டாம் என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். வாய் வரவில்லை. மூடும் மெட்டை வாசிக்காவிட்டால் இரவு முடியாது என்று நினைத்த மடையன் நான். பாட்டுக்கு மேல் பாட்டாக இழுத்தேன். மணி ஒன்று. முதலாளி கடிகாரத்தைக் காட்டினார். சர்வர் சுவிட்சருகே நின்று, "அண்ணே, வெள்ளனே பூசைக்குப் போகணும்ண்ணே" என்று கெஞ்சினார்.

அவள் குனிந்து என் காதருகே வந்தாள். "என்னங்க, விளக்குப் போடுற பாட்டை வாசிக்க மாட்டீங்களா?"

'வாசித்தால் நீங்கள் போய்விடுவீர்களே' என்பது தொண்டை வரை வந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் உடனே நிமிரவில்லை.

"இந்தா, வாசிச்சிர்றேங்க" என்றேன்.

நாலு சுரம் வாசிப்பதற்குள் விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சத்தில்தான் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. பாதி மெட்டு மிச்சமிருந்தது, நிறுத்திவிட்டு எழுந்து சொல்லியிருக்கலாம். முழுதாக வாசித்து முடித்தேன்.