ஒரு எழுத்துக் கூடிய அசனம்

என் அண்ணன் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்று சொல்வதே பொய். இரண்டு வருஷமாகக் கூப்பிடவில்லை. காரணம் ஒரு நாற்காலி.

தாராவியில் எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். மேனேஜரும் மூட்டை தூக்குபவரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து, ஒரே சோற்றையும் ஒரே கறிக்குழம்பையும் சாப்பிடும் விருந்து. திருநெல்வேலியிலிருந்து ரயிலேறிய எங்கள் ஆட்கள் பைபிளோடு சேர்த்து இதையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்படி ஒரு அசனத்தில் மைனி என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார்: "ஏட்டி, முட்டு வலிக்கி. ஒரு சேர் கிடைக்குமா?"

எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு வாய் இருக்கிறதே! "திலக் நகர்ல லிப்ட் வச்ச வீட்டுக்குப் போனதும் தாராவித் தரை ஆகலையாக்கும்?" என்றேன். வரிசையே சிரித்தது. மைனி சிரிக்கவில்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு அண்ணன் மட்டும் கேக் டப்பாவோடு வந்து போனார். ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கும்போது, அடுத்தவரை மன்னிப்பதைப் பற்றிய இடம் வந்தால் எனக்கு மிகச் சரியாக இருமல் வரும். மைனி இல்லாத அசனத்தில் நானும் மறுசோறு வாங்காமலே இலையை மடித்தேன், அது உண்மை. போனை எடுத்து "மைனி" என்று அடிப்பேன். நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று தோன்றும். அழித்துவிடுவேன். இப்படி எத்தனை மைனியை அழித்தேன் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் அசனத்துக்கு நான்தான் பொறுப்பு. சபை வாட்ஸ்அப் குழுவில் அழைப்புப் போட வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்: ஞாயிறு மதியம் எல்லாருக்கும் அசனம் உண்டு, யாரும் விட்டுப்போகாமல் வரவும். என் கட்டை விரல் முதல் 'ஏ'யை இரண்டு தடவை அமுக்கியிருக்கிறது. அசனம் ஆசனம் ஆகிவிட்டது. திரும்ப வாசிக்காமல் அனுப்பிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்து குழம்பை ருசி பார்த்தார். எங்கள் ஆட்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஐயர் ஆட்டுக்கறி ருசி பார்த்த கதையை, நிஜ ஐயர்மார் குடியிருக்கும் மாட்டுங்காவில் போய்ச் சொன்னால் என் கதி என்னவாகும் என்று தெரியாது. அவர் உப்பு போதும் என்று தலையாட்டும்போது வாசலில் அணுசக்தி நகர்க் குடும்பம் ஒன்று வந்து நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். நாலு பேரும் டிராக் பேண்ட்டில். நாலு பேர் கையிலும் யோகா பாய். அவர்களுக்குப் பின்னால் சபை வாலிபர் கூட்டம், அதிலும் நாலைந்து பாய்.

"ஆன்ட்டி, ஆசன் கிதர் ஹை? பேட் காலி ரக்கா ஹை" என்றாள் பெரியவள். யோகாசனம் எங்கே என்கிறாள். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்களாம். அது ஒன்றுதான் சரி.

போனை எடுத்துப் பார்த்தேன். அட என் ஏசப்பா! தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. ஆட்டோவிலிருந்து மைனி இறங்கிக்கொண்டிருந்தார்.

நேராக என்னிடம் வந்தார். "என் சேர் எங்கட்டி? எல்லாருக்கும் ஆசனம் உண்டுன்னு போட்டிருந்தியே."

ஆசனம் என்றால் இருக்கையும்தானே! ஊருக்கே அனுப்பிய அழைப்பை மைனி தனக்கு வந்த மன்னிப்புக் கடிதமாக வாசித்துவிட்டார். இப்போது நாற்காலிக்கு எங்கே போவேன்? சபையின் பிளாஸ்டிக் நாற்காலிகள் அத்தனையும் பக்கத்துச் சந்துக் கல்யாணத்தில் இருந்தன. கொடுத்தனுப்பிய புண்ணியவதியும் நான்தான். சபைக் கோயில் பெஞ்சுகளோ தரையோடு ஆணி அடித்தவை. மறுபடியும் இவரைத் தரையில் உட்காரச் சொன்னால் இனி இந்த ஜென்மத்தில் வரமாட்டார்.

"பாயையெல்லாம் இங்க கொண்டாங்க!" என்று கத்தினேன்.

எட்டு யோகா பாய்களைச் சேர்த்துச் சுருட்டி, அரிசி மூட்டைக் கயிற்றால் கட்டினோம். மைனி பயந்து பயந்து உட்கார்ந்தார். "ஏட்டி, உருளுதுட்டி!" என்று அலறினார். நான் பாய்ந்து அந்த உருளைக்கு முட்டுக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். மைனி விழாமலிருக்க இடது கையை என் தலையில் ஊன்றிக்கொண்டு, மடியில் தட்டை வைத்து வலது கையால் சாப்பிட்டார். குழம்பு சொட்டுச் சொட்டாக என் வகிட்டில் விழுந்தது. ஞானஸ்நானத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள், எனக்கு மசாலாவோடு கிடைத்தது.

பேசாமல் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்ட நல்ல பெயர் சும்மா கிடைத்திருக்கும். மனசு கேட்கவில்லை.

"மைனி, அது உங்களுக்காகப் போட்டதில்ல. ஸ்பெல்லிங் மிஸ்டேக். ஒரு 'ஏ' கூடிட்டு."

மைனி எலும்பை உறிஞ்சி முடித்தார். "தெரியும்ட்டி. நீயாவது, மன்னிப்பு கேக்கதாவது."

"பொறவு ஏன் வந்தீங்க?"

"நீ அனுப்பலைன்னா என்ன? எனக்கு வந்துட்டுல்லா."

கிருபையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களில் தூங்கியிருக்கிறேன். இது தூங்க விடவில்லை. வெங்காயத்தின் மேல் பழி போட முடியாத அழுகை வந்தது. "அன்னைக்கு நான் பேசினது தப்பு மைனி. என்னைய மன்னிச்சிருங்க" என்று, எழுத்துப் பிழை இல்லாமல், என் வாயாலேயே சொன்னேன்.

"சரி சரி, அழுது குலுங்காதட்டி. நான் விழுந்துருவேன்" என்றார் மைனி.

மைனி மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அசையவில்லை. அவரும் என் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.